அளவுச் சக்கரம்

ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'.
மாவட்ட அலுவலகம் எனக்குத் தந்தது
இந்த மஞ்சள் சக்கரத்தையும்
வெயிலுக்கு ஒரு தொப்பியையும்.

சுங்கை ராம்பையில்
லிம் கியாட் செங்கின் மளிகைக்கடை வாசலில் தொடங்கி
கோயில் முன்வாசல் வரை உருட்டினேன்.
தொண்ணூற்றேழு.

நூறு இருக்க வேண்டும்.
நூறு மீட்டருக்கு அப்பால் சம்சு விற்றால்
சாமிக்கு ஆட்சேபம் இல்லை
என்று விதி.

"எந்த வாசல்மா?" என்றார் லிம்,
எங்கள் தமிழில்.
"அதப் பூட்டி மூணு வருசம்.
ஆளுங்க போறது பக்கவாசல்."
பக்கவாசலிலிருந்து உருட்டினேன்.
நூற்று நான்கு.

இரண்டையும் குறிக்கப் போனால் பேனாவில் மை இல்லை.
அவர் ஒன்று நீட்டினார், பியர் கம்பெனிப் பெயர் போட்டது.
எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
அந்த இரண்டு எண்ணுக்கான மை
அவருடையதுதான்.

ஆட்சேபக் கடிதம் கோயில் செயலாளர் வடமலையுடையது.
நாற்பத்தோரு கையெழுத்து.
மேசையில் விரிந்துகிடந்த லிம்மின் கடன் நோட்டிலும்
அதே கோணல் 'மு', அதே அவசரச் சுழி.
பதினொன்று வரை எண்ணினேன்.
எண்ணுவது என் வேலை இல்லை.

கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம்
தோட்டம் கைமாறியபோது
யாரும் தூக்கிப்போகாத முனியாண்டி.
கூரை கிடையாது.
காலடியில் சுருட்டு, அரைப் புட்டி,
கழுத்தில் வரி முத்திரை கிழியாமல்.
கடைச் சுவருக்கும் அவருக்கும்
சக்கரம் தேவையில்லை, நான்கு எட்டு.

'வழிபாட்டிடம்' என்ற கட்டம்
பதிவு எண் கேட்கிறது.
முனிக்கு எண் இல்லை.
ஆகவே அரசாங்கக் கணக்கில்
அவர் ஒரு வாடிக்கையாளர்.

வாரியத்தில் ஐந்து பேர்.
போலீஸ், கஸ்தம், சுகாதாரம், இன்னும் இருவர்.
காப்பி வந்தது, கறிப்பாப் வந்தது.
முன்வாசலா பக்கவாசலா என்று
முக்கால் மணி நேரம்.
என்னைக் கேட்டார்கள்: "துல்லியமா?"
"துல்லியம் துவான்," என்றேன்.
"இரண்டுமே."
முன்வாசல் என்று முடிந்தது.
லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை.

செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும்
என் தம்பி தவசீலனைப் பற்றி
எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அறிவிப்பை நான்தான் ஒட்டினேன்.
லிம் பசைக் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
நல்லவர் என்று சொல்ல வரவில்லை.
சம்பளத்துக்கு முதல்நாள்
இரண்டு பெட்டி கூடுதலாய் இறக்குகிறவர்.
ஆனால் ஒன்பதுக்குக் கதவை இழுப்பார்.
"சீலா, போதும், வீட்டுக்குப் போ"
என்று ஒருமுறை அவர் சொன்னது
தாமான் மூலை வரை கேட்டது.
அப்படிச் சொல்ல வேண்டும் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை, தேடிப்பார்த்தேன்.

இரண்டு வாரம் ஊர் அமைதி.
வடமலை எனக்குப் பொங்கல் பிரசாதம் அனுப்பினார்.

பிறகு ஒரு நீல மோட்டார் சைக்கிள்.
முன்கூடையில் ரொட்டி,
ரொட்டிக்கு அடியில் பெயரில்லாத புட்டிகள்.
முத்திரை கிடையாது.
வயது கேட்பதில்லை, மணி பார்ப்பதில்லை,
பள்ளிக்கூட வேலியோரமும் நிற்கிறது.
லிம் விலையில் பாதி.
உள்ளே என்ன என்று
ஓட்டுகிறவனுக்கும் தெரியாது.

அதற்கு வாசல் இல்லை.
வாசல் இல்லாத கடையை
எங்கிருந்து அளப்பது என்று
மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டேன்.
கடிதம் கிடைத்தது என்று
ஒரு கடிதம் வந்தது.

முனிக்கு யார் ஊற்றுகிறார்கள், தெரியவில்லை.
பழைய புட்டியில் மழைத்தண்ணீர்.

நேற்று இரவு
மோட்டார் எங்கள் வீட்டு முன்னால் நின்றது.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.
சக்கரம் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.
தவசீலன் செருப்பில்லாமல் போய் வந்தான்.
என்னைத் தாண்டும்போது
தலை குனியக்கூட இல்லை.

இருட்டில் அடுப்படியிலிருந்து
மூடி திறக்கும் சத்தம்:
'டிக்.'